இசை இயக்கும் ஏவலன்

இயற்பியல் பயின்றோர் யாவரும் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கற்பித்த சிறு பூதத்தை அறிவர். இரு அறைகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு பாத்திரத்தின் நடுக் கதவருகே அது அமர்ந்து, வேகமாக வரும் மூலக்கூறுகளை ஒரு பக்கமும், மெதுவாக வருவனவற்றை மறுபக்கமும் அனுப்பி, ஓய்வின்றி வேலை செய்துகொண்டிருக்கும் என்பது 1867-ல் அவர் எழுதிய ஒரு கடிதத்தில் தோன்றிய கற்பனை. அதற்குப் பூதம் என்று பெயரிட்டவர், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1963-ல், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘மாக்’ திட்டத்தில் உழைத்த நிபுணர்கள், உபயோகிப்பவரின் கண்ணில் படாமல் பின்னணியில் இடைவிடாது இயங்கும் கணிப்பொறி நிரல்களுக்கு இந்தப் பூதத்தின் பெயரையே சூட்டினர். அன்று முதல் அத்தகைய நிரலை ‘டீமன்’ என்று அழைப்பது வழக்கமாயிற்று. பெயர் அச்சுறுத்துவதாயினும் செயல் பணியாளுடையதே. அஞ்சலைக் கொண்டு சேர்ப்பதும், அச்சிட வேண்டிய தாள்களை வரிசைப்படுத்துவதும், குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தொடங்குவதும் டீமன்களின் தொழில்கள்.

இசையை ஒலிபரப்புவதற்கென்றே ஒரு டீமன் உண்டு. அதன் பெயர் மியூசிக் பிளேயர் டீமன், சுருக்கமாக எம்.பி.டி. இதனை 2003-ல் வாரன் டியூக்ஸ் என்பவர் தொடங்கினார். பின்னர் மாக்ஸ் கெல்லர்மான் இதன் வளர்ச்சிப் பொறுப்பை ஏற்றார். மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் கீழ் இது கிடைக்கிறது. இந்த டீமனுக்கு ஏவல் சொல்லும் மிக எளிய கருவியே எம்.பி.சி. எனப்படுவது. அதில் படமில்லை, பொத்தானில்லை, சாளரமில்லை. முனையத்தில் ஒரு வரி தட்டச்சு செய்தால் ஒரு வேலை நடைபெறும்; அவ்வளவே.

இத்தனை எளிய கருவியைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று வாசகர் வினவலாம். ஆனால் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசுகின்றன, ஒரே பணியாளுக்குப் பலர் ஏவலிடும்போது என்ன குழப்பங்கள் நேர்கின்றன, கதவைப் பூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பவற்றை விளங்கிக்கொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும் எழுத்திலேயே நடைபெறுகின்றன.

வேலைப் பிரிவினை

சாதாரணமாகக் கணிப்பொறியில் பாட்டுக் கேட்க உதவும் நிரல் பல வேலைகளைத் தானே செய்கிறது. பாடல்களின் பட்டியலைத் திரையில் காட்டுகிறது. சுருக்கி வைக்கப்பட்ட கோப்பினை விரித்து ஒலி அலைகளின் எண்களாக மாற்றுகிறது. அவ்வெண்களை ஒலிக் கருவிக்கு அனுப்புகிறது. இவையனைத்தும் ஒரே நிரலில் பிணைந்திருப்பதால், சாளரத்தை மூடினால் பாட்டும் நின்றுவிடும். சாளரம் பழுதடைந்து உறைந்துபோனாலும் அதே கதிதான்.

எம்.பி.டி.யின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. இசைக் கோப்புகள் உள்ள அடைவைப் படித்து, ஒவ்வொன்றிலும் பொறிக்கப்பட்டுள்ள பாடகர் பெயர், பாடலின் தலைப்பு, தொகுப்பின் பெயர் முதலிய விவரங்களைத் திரட்டி ஒரு தரவுத்தளமாக வைத்துக்கொள்வது, ஒலிக்க வேண்டிய பாடல்களின் வரிசையைப் பேணுவது, கோப்பை விரிப்பது, ஒலியை வெளியிடுவது ஆகிய யாவும் டீமனுடைய பொறுப்பு. ஆயினும் அதற்கு முகம் கிடையாது. திரையில் எதையும் காட்டாது; விசைப்பலகையைக் கவனிக்காது. யாரேனும் வந்து ஏவினால் செய்யும். ஏவியவர் போய்விட்டாலும், அவருடைய முனையம் அணைந்துவிட்டாலும், வரிசையிலுள்ள பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துக்கொண்டே இருக்கும். நிலையைப் பதிவு செய்யும் கோப்பு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தால், யந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கியபின் பழைய வரிசையும் திரும்பக் கிடைக்கும்.

ஏவல் சொல்லும் நிரல்கள் பல உள்ளன. படங்களும் பொத்தான்களும் கொண்டவை, கைபேசியில் இயங்குபவை என்று பல தரம். எம்.பி.சி. அவற்றுள் எளிமைமிக்கது. ‘எம்பிசி பிளே’ என்றால் பாட்டுத் தொடங்கும். ‘எம்பிசி பாஸ்’ என்றால் இடையில் நிற்கும். ‘எம்பிசி நெக்ஸ்ட்’ என்றால் அடுத்த பாடல். ‘எம்பிசி வால்யூம் +5’ என்பது ஒலியளவை நூற்றுக்கு ஐந்து உயர்த்தும். எதுவும் சேர்க்காமல் ‘எம்பிசி’ என்று மட்டும் தட்டச்சு செய்தால், அப்போதைய நிலை சில வரிகளில் அச்சாகும். முதல் வரியில் பாடகரும் பாடலும். இரண்டாம் வரியில் பாட்டு ஒலிக்கிறதா நிற்கிறதா என்பதும், ‘3/12’ என்பதுபோல் வரிசையில் அதன் இடமும், ‘1:22/4:06’ என்பதுபோல் கழிந்த நேரமும் மொத்த நேரமும், அதன் சதவிகிதமும். மூன்றாம் வரியில் ஒலியளவும் இதர ஏற்பாடுகளும் இருக்கும். பார்வையற்றோர் உபயோகிக்கும் திரைவாசிப்பு நிரலுக்கும் பிரெயில் பலகைக்கும் இத்தகைய நேரான எழுத்து வரிகள் மிக இசைவானவை. அலங்காரப் பொத்தான்கள் நிறைந்த பல சாளரங்கள் அவர்களுக்குச் சுவராக நிற்கும் இடத்தில், இது திறந்த வழியாக இருக்கிறது.

ஓர் ஏவலின் பயணம்

‘எம்பிசி நெக்ஸ்ட்’ என்ற ஏவல் செல்லும் வழியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். எம்.பி.சி. முதலில் டீமன் எந்த யந்திரத்தில் உள்ளது என்று அறிந்து, அதனுடன் இணைப்பு ஏற்படுத்துகிறது. வலையமைப்பில் எம்.பி.டி. வழக்கமாகக் காத்திருக்கும் கதவின் எண் 6600. இணைப்பு ஏற்பட்டவுடன் டீமன்தான் முதலில் பேசுகிறது: ‘ஓகே எம்பிடி’ என்ற சொற்களும் தனது நெறிமுறையின் பதிப்பு எண்ணும் கொண்ட ஒரு வரியை அனுப்பி வரவேற்கிறது. அதன்பின் எம்.பி.சி. ‘நெக்ஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளையும், வரி முடிந்தது என்று காட்டும் ஒரு குறியையும் அனுப்புகிறது. ஆக மொத்தம் ஐந்து பைட்டுகள். டீமன் அடுத்த பாடலுக்குத் தாவிவிட்டு ‘ஓகே’ என்று பதிலளிக்கிறது. பிறகு எம்.பி.சி. புதிய நிலையைக் கேட்டுப் பெற்றுத் திரையில் அச்சிட்டு, இணைப்பைத் துண்டித்துத் தானும் முடிந்துபோகிறது. அதன் ஆயுள் பெரும்பாலும் ஒரு நொடியிலும் மிகக் குறைவு.

ஏவல் தவறானால் ‘ஓகே’ வராது; ‘ஆக்’ என்று தொடங்கும் வரி வரும். அதில் பிழையின் எண், எந்தக் கட்டளையில் பிழை நேர்ந்தது என்ற விவரம், ஒரு சிறு விளக்கம் ஆகியவை அடங்கும். இல்லாத பாடலைக் கேட்டால் எண் 50; கடவுச்சொல் தவறு என்றால் 3; அனுமதியில்லை என்றால் 4. மனிதர் படிக்கக்கூடிய இந்த எழுத்து நெறிமுறையின் நன்மை பெரிது. சிறப்பு நிரல் எதுவுமின்றி, வெறும் இணைப்பு ஏற்படுத்தும் கருவி ஒன்றைக் கொண்டே ஒரு மாணவர் டீமனுடன் நேரில் உரையாடிப் பார்க்க இயலும். மூடிய பெட்டிகளாகவே யந்திரங்கள் விற்கப்படும் காலத்தில் இது சிறிய வசதியன்று.

இங்கே ஓர் ஒப்பீடு பயனுள்ளது. குறுந்தகட்டின் தரத்தில் ஒலி, ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. இடம், வலம் என்று இரு தடங்கள். ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட்டுகள், அதாவது 2 பைட்டுகள். பெருக்கினால் நொடிக்கு 1,76,400 பைட்டுகள். டீமன் ஒலிக் கருவிக்கு இடைவிடாது அனுப்ப வேண்டியது இத்தனை. ஏவுபவரிடமிருந்து வருவதோ ஐந்து பைட்டுகள். ஆகவேதான் டீமன் வேலையைப் பல இழைகளாகப் பகுத்துக்கொள்கிறது: கோப்பை விரிப்பது ஓர் இழை, ஒலியை வெளியிடுவது மற்றோர் இழை. ஏவலுக்குச் செவிசாய்க்கும் நேரத்தில் ஒலி தடைப்படக் கூடாதல்லவா?

புதிதாகப் பழகுவோர் அனேகர் இவ்விடத்தில் மயங்குவதுண்டு. கூடத்தில் உள்ள சிறு யந்திரத்தில் டீமனும், மேசைமேல் உள்ள கணிப்பொறியில் எம்.பி.சி.யும் இருக்கும்போது, ‘பிளே’ என்று ஏவிவிட்டு மேசைக் கணிப்பொறியில் ஒலி வரவில்லையே என்று தவிப்பார்கள். பாட்டோ கூடத்தில் முழங்கிக்கொண்டிருக்கும். வலையமைப்பின் வழியே சென்றது ஏவல் மட்டுமே, இசை அன்று. ஏவியவர் இருக்குமிடத்தில் ஒலி வேண்டுமானால், டீமனின் வெளியீடுகளில் ஒன்றாக ஓடை ஒலிபரப்பைத் தனியே அமைத்து, அதனைக் கேட்கும் நிரலையும் இயக்க வேண்டும்.

பலர் ஏவும்போது

ஒரே டீமனுக்கு ஒரே சமயத்தில் பலர் ஏவலிடலாம். விடுதியொன்றின் பொதுக் கூடத்தில் வைக்கப்பட்ட யந்திரத்தை நான்கு மாணவர்கள் தத்தம் அறைகளிலிருந்து இயக்குவதாகக் கொள்வோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

எம்.பி.சி.யில் வரிசையிலிருந்து ஒரு பாடலை நீக்க ‘எம்பிசி டெல் 5’ என்று ஏவுவர். ஐந்தாவது இடத்தில் உள்ளதை நீக்கு என்பது பொருள். ஒருவர் பட்டியலைப் பார்த்து ஐந்தாவது பாடலை நீக்கத் தீர்மானித்து அதனைத் தட்டச்சு செய்யும் சில நொடிகளுக்குள், மற்றொருவர் இரண்டாவது பாடலை நீக்கிவிட்டால், பின்னால் உள்ளவை யாவும் ஓரிடம் முன்னே நகரும். முன்பு ஆறாவதாக இருந்தது இப்போது ஐந்தாவது. ஏவல் சரியாகவே நிறைவேறும். நீங்குவதோ வேறு பாடல். எவர்மீதும் குற்றமில்லை. பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் நிற்பவரை ‘ஐந்தாவது ஆள்’ என்று குறிப்பிடுவதற்கும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதற்கும் உள்ள வேற்றுமை இது. நெறிமுறையை வகுத்தவர்கள் இதனை உணர்ந்து, வரிசையில் சேரும் ஒவ்வொரு பாடலுக்கும் இடத்தோடு மாறாத ஓர் அடையாள எண்ணையும் டீமன் வழங்குமாறு அமைத்துள்ளனர். நீண்ட நேரம் இணைப்பில் இருக்கும் நிரல்கள் இவ்வடையாள எண்ணைக் கொண்டு ஏவுவதே முறை. எம்.பி.சி.யின் வழக்கமோ இட எண். கையால் தட்டச்சு செய்வோருக்கு அது சுலபம். பலர் கூடும் இடத்தில் அதற்குரிய எச்சரிக்கையும் தேவை.

பல கட்டளைகளைக் கோத்து ஒரே கட்டாக அனுப்பும் வழியும் நெறிமுறையில் உண்டு. கட்டு முடிந்தது என்று சொல்லும்வரை டீமன் எதையும் செய்யத் தொடங்காது. கட்டின் நடுவே ஒன்று தவறினால் எஞ்சியவை கைவிடப்படும். எனினும் அதற்கு முன் நிறைவேறியவை நிறைவேறியவையே. வங்கிக் கணக்கில் நடப்பதுபோல் முழுவதையும் பழைய நிலைக்குத் திருப்பும் ஏற்பாடு இதில் கிடையாது.

‘எம்பிசி டாகிள்’ என்ற ஏவலிலும் நுட்பம் உள்ளது. ஒலித்தால் நிறுத்து, நின்றிருந்தால் ஒலிக்கச் செய் என்பது இதன் கருத்து. எம்.பி.சி. முதலில் நிலையைக் கேட்டறிகிறது. ஒலிக்கிறது என்று அறிந்தால் ‘நிறுத்து’ என்று திட்டவட்டமாகவே ஏவுகிறது. இருவர் ஒரே கணத்தில் இதனைச் செய்து, இருவரும் ‘ஒலிக்கிறது’ என்ற விடையைப் பெற்றார்களானால், ‘நிறுத்து’ என்ற ஏவல் இருமுறை சென்றாலும் விளைவு ஒன்றே. ‘இருக்கும் நிலையை மாற்று’ என்ற ஏவல் இருமுறை சென்றிருந்தால் ஒன்றையொன்று அழித்துப் பாட்டுத் தொடர்ந்திருக்கும்.

விழித்திருக்கும் காவலாள்

ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் அறிவது எப்படி? தொடக்க காலத்தில் ஏவல் நிரல்கள் நொடிக்கொரு முறை ‘என்ன நிலை, என்ன நிலை’ என்று கேட்டவண்ணம் இருந்தன. இது வீண் உழைப்பு. மின்கலத்தில் இயங்கும் சிறு கருவிகளுக்குச் சுமையும்கூட. இதற்கு மாற்றாக வந்தது ‘ஐடில்’ என்னும் கட்டளை. இதை அனுப்பிய நிரல் பேசாது காத்திருக்கும். டீமனும் வாய் திறவாது. பாடல் மாறினாலோ, ஒலியளவு மாறினாலோ, வரிசையில் ஏதேனும் சேர்ந்தாலோ, மாறியது எது என்று ஒரு சொல்லில் டீமன் தெரிவிக்கும். சாதாரணமாக 60 நொடி பேசாதிருக்கும் இணைப்பை டீமன் துண்டித்துவிடும். ஐடிலில் காத்திருப்போருக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. ‘எம்பிசி ஐடில்’ என்று ஏவினால் முனையம் இவ்வாறே காத்திருந்து, மாற்றம் நேர்ந்தவுடன் அதை அச்சிட்டு விடைபெறும்.

குழாய் வழியே

எம்.பி.சி.யின் உண்மையான வலிமை அது தனியே செய்வதில் இல்லை; பிற கருவிகளோடு சேர்ந்து செய்வதில் உள்ளது. யூனிக்ஸ் அமைப்பில் ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாகப் பாய்ச்சும் ‘குழாய்’ என்ற ஏற்பாடு, டக் மெக்கில்ராய் வற்புறுத்திவந்த கருத்தின்படி 1973-ல் கென் தாம்சனால் அமைக்கப்பட்டது. ‘எம்பிசி சர்ச்’ என்பது தேடிக் கிடைத்த கோப்புகளின் பெயர்களை வரிக்கொன்றாக அச்சிடும். ‘எம்பிசி ஆட்’ என்பது அத்தகைய வரிகளை உள்ளீடாகப் பெற்று வரிசையில் சேர்க்கும். இரண்டுக்கும் நடுவே குழாய்க்குறியை இட்டால், ஒரு பாடகரின் பாடல்கள் அனைத்தும் ஒரே ஏவலில் வரிசை சேர்ந்துவிடும். நடுவில் வரிகளைக் குலுக்கும் கருவியையோ, முதல் பத்தை மட்டும் எடுக்கும் கருவியையோ பொருத்தலாம். இவற்றில் எதுவும் இசைக்கென்று செய்யப்பட்டதன்று.

உறங்கச் செல்வோர், 1,800 நொடி காத்திருக்கும் கட்டளையை முன்னும் ‘எம்பிசி ஸ்டாப்’ என்பதைப் பின்னும் எழுதினால், அரை மணியில் பாட்டுத் தானே நிற்கும். ‘க்ரான்’ எனப்படும் நேரங்காக்கும் டீமனிடம் ஒரு வரி எழுதிவைத்தால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு இசை எழுப்பும். ஒரு பூதம் மற்றொரு பூதத்தை ஏவுகிறது என்று இதனைக் கூறலாம்.

எழுத்தும் தேடலும்

நெறிமுறை யூ.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியீட்டைப் பின்பற்றுவதால் தமிழிலும் பாடல்களின் விவரங்களை எழுதி வைக்கலாம், தமிழிலேயே தேடலாம். இக்குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள். ஆனால் ஓர் இடர் உண்டு. ‘தோடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முதல் வகையில் சொல்லின் நீளம் 12 பைட்டுகள், இரண்டாவதில் 15. திரையில் இரண்டும் அணுவளவும் வேறுபடா. யூனிக்கோடு விதிகளின்படியும் இரண்டும் ஒன்றே. ஆனால் ‘எம்பிசி ஃபைண்ட்’ என்ற ஏவல், எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்துவதை மட்டும் தேடுவதாகும். கோப்பில் ஒரு வகையும் தேடலில் மறு வகையும் இருந்தால், கண்ணெதிரே உள்ள பாடல் ‘இல்லை’ என்றாகிவிடும். ஆங்கில எழுத்துகளில் பெரியது சிறியது என்ற பேதத்தைப் பொருட்படுத்தாத ‘சர்ச்’ என்ற ஏவல் உண்டு. தமிழில் அப்பேதமே இல்லாமையால் அந்தச் சலுகையும் நமக்குப் பயன்படுவதில்லை. தமிழ் இசைத் தொகுப்புகளைத் திரட்டுவோர் விவரங்களை எல்லாம் ஒரே சீரான வகையில் மாற்றி வைத்தல் அவசியம். ஆயிரக்கணக்கில் கோப்புகள் சேர்ந்தபின் இதைச் செய்வது பெருந்தொல்லை. தொடக்கத்திலேயே செய்வது நலம்.

கதவும் பூட்டும்

இவ்வளவு பணிவுள்ள ஏவலன், வந்தவர் எவராயினும் பணிந்துவிடக்கூடும் என்பதே இதன் பலவீனம். கடவுச்சொல் எதுவும் அமைக்கப்படாத டீமன், தன்னை வந்தடையும் எவருக்கும் எல்லா உரிமைகளையும் வழங்கும். அதன் கதவு வலையமைப்பு முழுவதற்கும் திறந்திருந்தால், அதே வலையமைப்பில் இணைந்த அயலார் ஒருவர் நள்ளிரவில் ஒலியளவை உச்சத்துக்கு உயர்த்தலாம். ‘கிளியர்’ என்ற ஒரே ஏவலால் அரும்பாடுபட்டுச் சேர்த்த வரிசையைத் துடைத்துவிடலாம். துடைத்ததை மீட்கும் கட்டளை கிடையாது. சேமித்து வைத்த பட்டியல்களையும் நீக்கலாம். டீமனையே நிறுத்தவும் ஒரு கட்டளை இருக்கிறது. ஆறுதல் ஒன்றுண்டு: எம்.பி.டி. இசைக் கோப்புகளைப் படிக்குமேயன்றி அவற்றில் எழுதுவதில்லையாதலால், பாடல்கள் அழிந்துபோகா.

கடவுச்சொல் அமைப்பதன் மூலம் படித்தல், சேர்த்தல், கட்டுப்படுத்தல், நிர்வகித்தல் என்று உரிமைகளைப் பிரித்து வழங்கலாம். விருந்தினருக்குச் சேர்க்கும் உரிமையும், வீட்டாருக்குக் கட்டுப்படுத்தும் உரிமையும் தரலாம். எம்.பி.சி.யில் டீமனின் முகவரிக்கு முன்னால் கடவுச்சொல்லையும் ‘அட்’ குறியையும் இட்டு எழுதுவது முறை. ஆனால் எழுத்து நெறிமுறையின் மறுபக்கம் இங்கே வெளிப்படுகிறது. எவரும் படிக்கக்கூடிய வரிகளில் கடவுச்சொல்லும் ஒன்று. அது மறைகுறியாக்கம் எதுவுமின்றி அப்படியே செல்கிறது. வழியில் ஒட்டுக்கேட்பவர் எளிதில் படித்துவிடுவார். கட்டளை வரியிலேயே அதை எழுதினால், லினக்ஸ் யந்திரங்கள் பலவற்றில் அதே யந்திரத்தை உபயோகிக்கும் பிறர், இயங்கும் நிரல்களின் பட்டியலிலும் அதைக் காணக்கூடும்.

ஆகவே தனியொருவர் உபயோகிக்கும் டீமனின் கதவைத் தன் யந்திரத்துக்குள் இருந்து வருவோருக்கு மட்டும் திறந்திருக்குமாறு அமைத்தலே தக்கது. யூனிக்ஸ் வகை அமைப்புகளில் வலையமைப்புக் கதவுக்குப் பதிலாக, கோப்புபோல் தோன்றும் உள்ளிணைப்பு ஒன்றை அமைத்து, கோப்புகளுக்குரிய அனுமதிகளைக் கொண்டே யார் ஏவலாம் என்று வரையறுக்கவும் முடியும். தொலைவிலிருந்து ஏவ வேண்டுவோர், எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி இணைப்பின் வழியே முதலில் அந்த யந்திரத்துக்குள் நுழைந்து, அங்கிருந்தே எம்.பி.சி.யை இயக்குவர். ஐந்து பைட்டு ஏவலுக்கு இத்தனை காப்பா என்று தோன்றினாலும், அதற்காகும் கூடுதல் உழைப்பு ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்வதுதான்.